போத்தனூர் பஸ்ஸில் மாறிப்போன குழாய்

"ஏனுங்க அம்மணி, எந்திரிங்க. கோயம்புத்தூருன்னு சொன்னீங்களே, இந்த வண்டி ஊருக்குள்ள போகாதுங்க. போத்தனூர்ல நின்னுட்டு அப்படியே பாலக்காட்டுக்குப் போயிரும்."

எதிர்ப் படுக்கையில் இருந்த பெண் தட்டி எழுப்பியிராவிட்டால் நான் கேரளாவுக்குப் போய்ச் சேர்ந்திருப்பேன். ஒரு கையில் பெட்டி, மறு கையில் குழாயுடன் தடுமாறி இறங்கினேன். திரும்பிப் பார்த்து நன்றி சொல்வதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. சனிக்கிழமை, விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மேற்கேயிருந்து ஈரக்காற்று வீசிக்கொண்டிருந்தது. இந்தியா என்றால் வெயில் என்று நினைத்து ஒரு குளிர்ச்சட்டைகூட எடுத்து வராமல் வந்திருந்தேன்.

குழாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது உண்மையிலேயே தண்ணீர்க் குழாய்தான். நாலங்குல அகலப் பிளாஸ்டிக் குழாய், இரண்டு பக்கமும் மூடி. யாழ்ப்பாணத்தில் கட்டடச் சாமான் கடை வைத்திருக்கும் என் சித்தப்பா அளவாக வெட்டித் தந்தார். "மழையும் உள்ளுக்குப் போகாது, ஆரும் மிதிச்சாலும் உடையாது" என்றார். அதற்குள் என் ஓவியங்கள், சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டிய கான்வாஸ்கள், இருந்தன. விமான நிலையத்தில் அதிகாரி ஒருவர் மூடியைத் திறந்து, ஒரு படத்தைப் பாதி விரித்துப் பார்த்து, "டம்ளரா?" என்று கேட்டார். ஓம் என்றேன். மூடிக் கொடுத்துவிட்டார்.

கோவையில் ஒரு கல்லூரியில் முதுகலை ஓவியப் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தேன். புகைப்படங்களைப் பார்த்துவிட்டு, அசல் படங்களுடன் திங்கட்கிழமை நேர்முகத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஊரில் இளங்கலை முடித்துப் பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்தேன். பிறகு அம்மா வருத்தம் வந்து படுக்க, அவரைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருந்தேன். அம்மா போன பிறகு வீட்டில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. சித்திதான், "போய்ப் படி, இங்க இருந்து சுவரைப் பாத்துக்கொண்டு என்ன செய்யப்போறாய்?" என்று துரத்தினார்.

போத்தனூர் ஸ்டேஷனுக்கு வெளியே காந்திபுரம் போகும் பஸ் நின்றது. எங்கள் ஊர் பஸ்களில் பாட்டுச் சத்தத்தில் நடத்துநர் பேசுவது கேட்காது. இங்கும் அப்படித்தான், ஆனால் கத்தும்போதுகூட இவர்கள் 'ங்க' போடுகிறார்கள். "உள்ள போங்க, உள்ள போங்க, எடமிருக்குதுங்க" என்று கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். என் குழாயைப் பார்த்தவுடன், "அம்மணி, அந்தப் பைப்ப டிரைவருக்குப் பின்னால சாத்தி வெச்சுருங்க. அங்க ஒருத்தர் வெச்சிருக்காரு பாருங்க" என்றார். அங்கே கயிற்றால் கட்டிய ஒரு கட்டுக் குழாய் ஏற்கெனவே சாய்ந்திருந்தது. என்னுடையதையும் பக்கத்தில் சாய்த்துவிட்டு யன்னலோரம் இடம் பிடித்தேன்.

அதுதான் பிழை என்று இப்போது தெரிகிறது. அப்போது நான் ஊர் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கடையில் இட்லித் தட்டுகளைத் தூக்கும்போது எழும்பிய ஆவி, வேட்டி கட்டிய ஒருவர் மோட்டார் சைக்கிளில் வாழைத்தாரைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு போனது, தூரத்தில் நீல மலை. யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. எங்கள் நிலம் தட்டையானது, வானம் வீட்டுக் கூரையில் முட்டும். மலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். காந்திபுரத்தில் இறங்க எழுந்தபோது டிரைவருக்குப் பின்னால் ஒரு குழாயும் இல்லை.

"அந்தப் பிளம்பர்காரரு உப்பிலிபாளையத்துலயே எறங்கிட்டாருங்களே" என்றார் நடத்துநர். "உங்களுதும் சேத்து எடுத்துட்டுப் போயிட்டாருங்களா? அட, கருமமே!"

அவர் முகத்தைப் பார்த்து எனக்கு அழக்கூடத் தோன்றவில்லை. அவர் அவ்வளவு பதறிப்போனார். அந்தப் பிளம்பர் யார், எந்த ஊர் என்று அவருக்கும் தெரியவில்லை. குழாயில் நான் தங்கப்போகும் வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதி ஒட்டியிருந்தேன் என்றேன். "அப்படீன்னா வந்துருமுங்க. எங்கூர்க்காரங்க கூப்புட்டுருவாங்க" என்றார்.

கணபதியில் சரசு அக்கா வீடு. என் தோழி ஒருத்தி முன்பு அங்கே வாடகைக்கு இருந்தவள். அவள்தான் ஒழுங்கு செய்து தந்தாள். கீழே அவர்களுடைய சின்னப் பட்டறை, மோட்டாருக்கான உதிரிகள் கடைகிறார்கள். தெரு முழுக்க அப்படித்தான்; ஒவ்வொரு வீட்டின் கீழும் இரும்பு உராயும் சத்தம், மேலே காயப்போட்ட உடுப்பு. சரசு அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். வாசலிலேயே நின்று, "வாங்க கண்ணு, வாங்க" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்து, நான் வாய் திறப்பதற்குள் ஒரு பெரிய சொம்பு நிறையத் தண்ணீர் நீட்டினார். "மொதல்ல தண்ணியக் குடி. சிறுவாணித் தண்ணி. எந்தூருக்குப் போனாலும் இந்த ருசி கெடைக்காது."

சொம்பை வாங்கினேன். குடிக்க முடியவில்லை.

என் படங்கள் எல்லாமே தண்ணீர் குடிக்கிற பாத்திரங்கள்தான். அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்திருந்தன. கிழமைக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிப்பார்கள். அந்த நோயில் சாப்பாட்டைவிடத் தண்ணீர்தான் எதிரி. ஒரு நாளைக்கு அரைப் போத்தல். தேத்தண்ணி, சொதி, மாத்திரை விழுங்குவது எல்லாம் அதற்குள். போத்தலில் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். கடும் வெயிலில் அம்மா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். "நாக்கை நனைக்க மட்டும், பிள்ளை" என்பார். சாசரில் ஒரு ஐஸ் துண்டு வைத்துக் கொடுப்பேன். சில நாள் அதை வாயில் போடாமல், கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கரைந்ததைக் குடிப்பார். மாசி மாதம் செத்துப்போனார். செத்த பிறகு தலைமாட்டில் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் வைத்தார்கள்.

அந்தப் போத்தலையும், சாசரையும், கவிழ்த்து வைத்த, தண்ணீர் குடிக்கும் பேணியையும் அம்மா இருந்தபோதே வரையத் தொடங்கியிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் கைக்கு வேறு வேலை இல்லை. அவர் போன பிறகும் அதையேதான் வரைந்தேன்.

சரசு அக்காவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. படங்கள் தொலைந்ததை மட்டும் சொன்னேன். அவர் உடனே கணவரைக் கூப்பிட்டு, பஸ் டிப்போவில் யாரையாவது தெரியுமா என்று விசாரிக்கச் சொன்னார். என்னிடம், "வெசனப்படாதே கண்ணு. போய்த் தண்ணி வாத்துக்கிட்டு வா, சாப்புட்டுட்டுப் பேசிக்கலாம்" என்றார். எனக்கு விளங்கவில்லை. எதற்குள் தண்ணீர் வார்ப்பது என்று விழித்தேன். அவர் குளியலறையைக் காட்டினார். குளிப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

சாப்பாட்டுக்குச் சந்தகை. எங்கள் இடியப்பத்தின் தங்கை. ஆனால் நாங்கள் சொதியும் சம்பலும் வைத்துச் சாப்பிடுவதை இவர்கள் தேங்காய்ப்பாலில் நாட்டுச்சர்க்கரை கரைத்து ஊற்றிக் கொடுத்தார்கள். வேறொரு நாளென்றால் இன்னும் இரண்டு தட்டு கேட்டிருப்பேன். அன்று பாதித் தட்டை மிச்சம் வைத்தேன். பொழுதுபடும்வரை தொலைபேசியை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தோம். டிப்போவில் ஒன்றும் தெரியவில்லை என்று செய்தி வந்தது.

ஞாயிறு காலையில் தொலைபேசி மணி அடித்தது. சரசு அக்கா எடுத்து, "ஆமாங்க, இங்கதான், ஆமாங்க" என்றார். பிறகு கேட்டுக்கொண்டே இருந்தார். முகம் மாறியது. "அறுத்துப்போட்டீங்களா?" என்றார்.

பிளம்பரின் பெயர் அந்தோணி. கருமத்தம்பட்டிக்காரர். சனிக்கிழமை பொழுது சாய வீட்டுக்கு வந்து, தன் வீட்டு மழைநீர் போவதற்குக் குழாய் வெட்டியிருக்கிறார். குழாய்களில் கைக்கு அகப்பட்டது என்னுடையது. ஒட்டியிருந்த சீட்டு அடிப்பக்கம் இருந்ததால் பார்க்கவில்லை. ஆக்ஸா பிளேடால் குழாயை உருட்டி உருட்டிச் சுற்றிலும் அறுத்தபோது, பிளாஸ்டிக் தூளோடு துணி நூல் வந்திருக்கிறது.

சரசு அக்காவும் நானும் கருமத்தம்பட்டிக்குப் பஸ் ஏறினோம். பஸ் ஊருக்குள் போகாமல் மேம்பாலத்தில் ஏறிவிட்டது. சரசு அக்கா எழுந்து நின்று, "ஏனுங்க டிரைவர், நாங்க என்ன ஈரோட்டுக்கா கேட்டோம்?" என்று சத்தம் போட்டார். பாலம் இறங்கும் இடத்தில் இறக்கிவிட்டார்கள். வந்த வழியே காற்றுக்கு எதிராக நடந்தோம். ஞாயிறென்று தெருவோரத்து விசைத்தறிகளில் பாதி நின்றிருந்தன. மீதிப் பாதியின் சத்தமே காதை அடைத்தது. மாதா கோயிலில் பூசை முடிந்து சனம் வெளியே வந்துகொண்டிருந்தது. பெண்கள் தலையில் போட்ட முந்தானையைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டே பேசிப் போனார்கள். எங்கள் ஊர்க் கோயில் வாசலில் நிற்பதுபோல ஒரு கணம் இருந்தது.

அந்தோணி தெருமுனையிலேயே காத்து நின்றார். நாற்பது வயது, ஒல்லி, வெள்ளைச் சட்டை. என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் கூப்பினார்.

"ராத்திரி பூரா தூங்கலீங்க அம்மணி. எப்படிச் சொல்றதுன்னே தெரியலை. சீட்டைக் காலையிலதானுங்க பாத்தேன்."

"பரவாயில்லை அண்ணா" என்றேன். பரவாயில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அவர் முகத்துக்கு வேறு என்ன சொல்ல முடியும்?

வீட்டில் படங்களைக் கட்டிலில் பழைய சேலை விரித்து அதன்மேல் வைத்திருந்தார்கள். சுருளின் உள்ளே இருந்தவை தப்பிவிட்டன. வெளியே இருந்த மூன்றில் மேலிருந்து ஒரு சாண் கீழே குறுக்காக வெட்டு. இரண்டு துண்டாகவே போய்விட்டன. நகப்பூச்சுக் கோடு போட்ட போத்தலின் மேல்பாதி தனித் துண்டாகியிருந்தது. அந்தோணியின் மனைவி ரீட்டா துண்டுகளைச் சரியாகப் பொருத்தி, அசையாமல் இருக்க நாலு மூலையிலும் தேங்காய்ச் சிரட்டை வைத்திருந்தார்.

நான் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் படத்தை வரைந்த அன்று அம்மா கொஞ்சம் தெம்பாக இருந்தார். "அந்தப் போத்தலை இன்னும் கொஞ்சம் நிறைச்சுக் கீறு, பாக்கவாவது நல்லா இருக்கும்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே கோட்டுக்குமேல் ஒரு விரல் அகலம் தண்ணீர் கூட்டினேன். வெட்டு அந்த இடத்தில்தான் போயிருந்தது.

ரீட்டா முன்பு திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்தவர். இப்போது வீட்டிலேயே தையல் மெஷின் வைத்திருக்கிறார். "தெச்சுப் பாக்கட்டுங்களா?" என்று மெல்லக் கேட்டார். "பின்னால காடாத் துணி வெச்சு, மேல ஒரு ஓட்டு ஓட்டுனா நிக்குமுங்க. நாளைக்குப் பரிச்சைங்கறீங்க." பசை நாடா ஒட்டலாமா என்று யோசித்துப் பார்த்தேன், விரிக்கும்போது பிரிந்துவிடும். தவிர, அந்த இரண்டு பேருக்கும் ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது. செய்ய விடாமல் எடுத்துக்கொண்டு போயிருந்தால் அவர்கள் அந்த வீட்டில் எப்படிச் சாப்பிடுவார்கள்?

"வெள்ளை நூலு தீந்துபோச்சுங்க. ஞாயித்துக்கெழம, கடையும் இல்லை. செகப்புத்தான் ஒரு கோன் கெடக்குது."

"இருக்கிறதில தையுங்கோ அக்கா."

மெஷின் ஓடத் தொடங்கியது. அந்தோணி கான்வாஸின் மறுமுனையைக் கையில் ஏந்திக்கொண்டு, தையல் நகர நகரக் கூடவே நகர்ந்தார். கைக்குழந்தையைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தார்.

தைத்து முடித்ததும் சாப்பிடச் சொன்னார்கள். நாட்டுக்கோழிக் குழம்பு, எங்கள் வீட்டுக் கறிக்குக் காரத்தில் குறையாதது. சரசு அக்கா, "எனக்கு வகுறு செரியில்லீங்க" என்றார். ரீட்டா வற்புறுத்தவில்லை. ஏற்கெனவே கடையிலிருந்து ஒரு சோடா வாங்கி வைத்திருந்தார். மூடி திறக்காத போத்தல். சரசு அக்கா அதைத் தானே திறந்து குடித்தார். பக்கத்தில் வைத்த சொம்புத் தண்ணீர் அப்படியே இருந்தது. எங்கள் ஊரிலும் சில சாதிக்காரர் வீட்டில் கை நனைக்காமல் இருப்பதற்கென்று வயிற்றுவலியும் விரதமும் வருவதுண்டு. கடல் தாண்டி வந்தும் அதே சாட்டுத்தான். பஸ்ஸில் எனக்காகச் சண்டை போட்ட அதே அக்கா. நான் இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். அந்த வீட்டின் தண்ணீரைக் குடித்தேன். அம்மா போன பிறகு ஒரு முழுப் பாத்திரத் தண்ணீரை நான் ஒரே மூச்சில் குடித்தது அன்றுதான்.

திங்கட்கிழமை கல்லூரி. பழைய கட்டடம், உயரமான கூரை, டர்பன்டைன் வாசனை. அந்த வாசனைக்கு மனம் ஒரு கணம் லேசானது. வரிசையில் எனக்கு முன்னால் சேலத்திலிருந்து வந்த ஒரு பெண். அவளுடைய அம்மாவும் கூட வந்திருந்தார். "ஒரு வாய் குடிச்சுக்கோ, பேசறப்போ தொண்ட அடைக்கும்" என்று போத்தலைத் திறந்து கொடுத்துக்கொண்டே இருந்தார். அவள் வெட்கத்தில் கையைத் தட்டிவிட்டாள். நான் எழுந்து கொஞ்சம் தள்ளிப்போய் நின்றேன்.

உள்ளே மூன்று பேர். நடுவில் துறைத் தலைவி, நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். ஒரு இளம் ஆசிரியர். வெளிமாநிலத்திலிருந்து வந்திருந்த தாடி வைத்த பெரியவர் இங்கிலீஷில் மட்டும் பேசினார். நீளமான மேசையில் படங்களை ஒவ்வொன்றாக விரித்தேன்.

முழுசாக இருந்த படங்களை வேகமாகப் பார்த்தார்கள். "கை நல்ல கை" என்றார் துறைத் தலைவி. "ஆனா எல்லாமே டம்ளரும் பாட்டிலும்தானுங்களா?" இளம் ஆசிரியர், இளங்கலை வகுப்புப் பயிற்சி மாதிரி இருக்கிறது என்று பக்கத்தில் சொன்னது எனக்கும் கேட்டது.

பிறகு தைத்த படத்தை விரித்தேன்.

பெரியவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தார். குனிந்து, சிவப்புத் தையலுக்கு மேலே விரலைத் தொடாமல் நகர்த்தினார். "நீங்கள் யாழ்ப்பாணம்" என்றார், கேள்வியாக அல்ல. மற்ற இரண்டையும் விரிக்கச் சொன்னார். மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்ததும் மூவரும் சுற்றி வந்து நின்றார்கள். "இவ்வளவு சாதாரணமான பொருளில் இப்படியொரு காயம்" என்றார் பெரியவர். "எல்லைக்கோடு. வெட்டப்பட்ட நிலம். யார் தைத்தார்கள், எதற்காகச் சிவப்பு என்று இவர் சொல்லத் தேவையே இல்லை." இளம் ஆசிரியர் தலையாட்டினார்.

துறைத் தலைவி என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது. "கஷ்டமா இருந்தா எல்லாத்தையும் சொல்ல வேண்டாம்மா. நாங்க புரிஞ்சுக்கறோம்."

அந்தக் கனிவுதான் என்னை மாட்டிவிட்டது. நான் ஒரு பொய்யும் சொல்ல வேண்டியதில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றாலே போதும். மிச்சத்தை அவர்களே எழுதிக்கொள்வார்கள். வெளியே காற்றில் ஒரு கதவு அடித்துக்கொண்டிருந்தது. அந்தோணி கான்வாஸை ஏந்தி நின்ற கை நினைவுக்கு வந்தது. அந்தக் கையை அழித்துவிட்டுத்தான் நான் அங்கே தலை குனிய முடியும்.

"மேடம், அது சண்டையில வந்த காயமில்லை" என்றேன். "பஸ்ஸில குழாய் மாறிப்போச்சு. பிளம்பர் ஒராள் தெரியாமல் அறுத்துப்போட்டார். அவரின்ர மனைவி தைச்சுத் தந்தவ. வெள்ளை நூல் முடிஞ்சு போச்சு."

இளம் ஆசிரியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. துறைத் தலைவியும் சிரித்தார். பெரியவருக்கு அதை இங்கிலீஷில் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. ஏதோ பிடுங்கப்பட்டவர்போலத் தன் நாற்காலிக்குத் திரும்பிப் போனார்.

"அப்போ இந்த டம்ளரெல்லாம் எதுக்கு?" என்றார் துறைத் தலைவி.

அம்மாவைப் பற்றிச் சொன்னேன். போத்தலின் கோடு, ஐஸ் துண்டு எல்லாம். அவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள். துறைத் தலைவி போத்தல் படத்தை மறுபடி பார்த்தார். பிறகு, "ரொம்ப வருத்தமா இருக்கும்மா. ஆனா நீங்க சொன்னாத்தானே தெரியுது? படத்துக்குள்ள அது இல்லையே" என்றார்.

பெரியவர் இங்கிலீஷில் கேட்டார்: "யுத்தத்தில் உங்கள் குடும்பம்?"

"அப்ப நான் சின்னப்பிள்ளை. இடம்பெயர்ந்தோம், திரும்பி வந்தோம். எங்கட வீட்டில ஒருத்தரும் சாகவில்லை."

துறைத் தலைவிதான் அதை அவருக்கு இங்கிலீஷில் சொன்னார். அந்தக் கடைசி வசனத்தைச் சொல்லும்போது என் குரலில் மன்னிப்புக் கேட்கும் தொனி வந்துவிட்டது. ஏன் வந்ததென்று இன்றுவரை எனக்கு எரிச்சல். ஊரில் எத்தனை பேருக்குக் கிடைக்காத வரம் அது. அதை நான் ஒரு குறை மாதிரிச் சொன்னேன்.

மாலையில் தேர்வானவர்களின் பெயர்களைப் பலகையில் ஒட்டினார்கள். சேலத்துப் பெண்ணின் அம்மா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். என் பெயர் இல்லை. வாசலில் துறைத் தலைவி காரில் ஏறப் போனவர் என்னைப் பார்த்து நின்றார். "மனசு விட்டுடாதீங்கம்மா. அடுத்த வருஷம் வாங்க. அந்தத் தையல் இருக்குதே, அதை விட்டுடாதீங்க. அந்த வழியிலயே பத்துப் படம் செஞ்சு கொண்டுவாங்க" என்றார். நல்ல மனதுடன்தான் சொன்னார்.

பக்கத்தில் இருந்த பேக்கரியில் ஒரு தேங்காய் பன்னும் தேத்தண்ணியும் வாங்கிக்கொண்டு நின்றேன். ஊரில் இப்படி எதற்கேனும் போய்த் தோற்று வந்தால் அம்மா ஒன்றும் கேட்கமாட்டார். முட்டை பொரித்து வைப்பார். இந்தச் செய்தியைச் சொல்ல யாரை முதலில் கூப்பிடுவது என்று தொலைபேசியைக் கையில் எடுத்து, பெயர்களைத் தள்ளிக்கொண்டே போய், அம்மாவின் எண்ணில் வந்து நின்றேன். அழிக்காமல் வைத்திருக்கிறேன். பேக்கரிக்காரர், "ஏனுங்க, டீ ஆறிப்போச்சு, வேற போட்டுத் தரட்டுங்களா?" என்று கேட்டார்.

செவ்வாய் காலையில், நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, ஞாயிறன்று நான் கொடுத்திருந்த எண்ணுக்கு அந்தோணி மறுபடி அழைத்தார். திங்கள் முழுக்க அழைத்திருந்தார், நான் எடுக்கவில்லை. சரசு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாஸாயிட்டேன்னு சொல்லிப்போடு கண்ணு. கேட்டுட்டு நிம்மதியா இருப்பான். நீ ஊருக்குப் போயிருவே, அவனுக்கு என்ன தெரியப்போவுது?"

நானும் அப்படித்தான் நினைத்து எடுத்தேன். ஆனால் இந்த ஒரு தடவை, உண்மை அந்தப் பொய்யைவிட ஆறுதலானது என்று பட்டது.

"கிடைக்கேல்லை அண்ணா."

"எங்களாலதானுங்களே" என்றார்.

"இல்லை அண்ணா, கேளுங்கோ. நீங்கள் வெட்டினதுதான் அந்த ஆசிரியர்மாருக்குப் பிடிச்சது. மற்றப் படங்களை ஒழுங்காப் பாக்கவே இல்லை. தைச்ச மூண்டையும்தான் நெடுநேரம் பாத்தவை. அடுத்த வருசமும் அப்பிடியே செய்து கொண்டு வரச் சொன்னவை."

"செரிங்க அம்மணி."

"சத்தியமாச் சொல்லுறன்."

"நீங்க நல்ல மனசுக்காரங்க. எனக்காகச் சொல்றீங்க. எனக்குத் தெரியுமுங்க." அவர் குரல் உடைந்தது. "மூணு நாளா பிளேடைக் கையில எடுக்க முடியலீங்க. இந்தாங்க, ஊட்டுல பேசுங்க."

செருப்புச் சத்தம் தூரமாகப் போனது. ரீட்டா பேசினார். "அவரு வெளிய போயிட்டாருங்க. நீங்க மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க." கொஞ்சம் தயங்கினார். "நெசமாலுமே அவங்களுக்குப் புடிச்சுதுங்களா?"

"ஓம் அக்கா. நிசமா."

"என்ன புடிச்சுதுங்க?"

"உங்கட தையல்."

கீழே பட்டறையில் கடைசல் மெஷின் ஓடத் தொடங்கியது. சத்தத்தில் பதில் கேட்காமல் போய்விடுமோ என்று தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அது நேராக்கூட வரலீங்களே அம்மணி" என்றார் ரீட்டா. "நடுவுல ரெண்டு எடத்துல கோணிப்போச்சு. பிரிச்சுத் தெக்கலாம்னு பாத்தேன். துணி தாங்காதுன்னு உட்டுட்டேன்."